அறிமுகக் குறிப்பில் கொடியா, ஊரா? அயல்நாட்டு ஆர்வலர்களோடு பழகுவது பற்றி ஒரு விவாதம்

கோட்டை அகழி (வேலூர்)

பன்னாட்டு அஞ்சல்தலைக் குழுக்களிலும் அஞ்சலட்டைப் பரிமாற்றத் தளங்களிலும் புதிதாகச் சேருகிற நம் பகுதி இளைஞர்களின் அறிமுகக் குறிப்புகளைச் சில காலமாகப் படித்து வருகிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன: பெயர், அதன் பக்கத்தில் மூவர்ணக் கொடி, பெருமைமிகு இந்தியன் என்றொரு வரி, கடைசியில் அஞ்சல்தலை சேகரிக்கப் பிடிக்கும் என்ற ஒற்றை வாக்கியம். நாட்டுப்பற்றைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் குறிப்பைப் படிக்கிற அயலாருக்கு, பேச்சைத் தொடங்குவதற்கான பிடி எதுவும் அதில் கிடைப்பதில்லை. போர்ச்சுகலில் இருக்கும் ஒருவர் நூற்று நாற்பது கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் நாட்டைப் பற்றி உங்களிடம் என்னதான் கேட்பார்? தாஜ்மகாலைக் கேட்பார், கிரிக்கெட்டைக் கேட்பார், அத்தோடு பேச்சு தீர்ந்துவிடும்.

நான் என் குறிப்பில் வேலூர் என்று எழுதி, கோட்டையையும் பாலாற்றையும் ஒரு வரியில் சொல்லி, 1806 சிப்பாய்ப் புரட்சிக்காக இந்திய அஞ்சல்துறை 2006இல் வெளியிட்ட தலையையும் குறிப்பிட்டிருந்தேன். அதற்கு வந்த மறுமொழிகள் நான் எண்ணிப் பார்க்காத திசைகளிலிருந்து வந்தன. வங்கதேசத்தின் சில்ஹெட் நகரிலிருந்து எழுதியவர், தம் தாயாரின் அறுவை சிகிச்சைக்காக இங்கே வந்து தங்கியிருந்தவர்; மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் விடுதிகளைப் பற்றி எனக்கே தெரியாத செய்திகளை அவர் சொன்னார். வேல்சிலிருந்து எழுதியவர் பழைய படைப்பிரிவுகளின் வரலாற்றைத் தொகுப்பவர். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியற்காலையில் கோட்டைக்குள் தாக்கப்பட்ட 69ஆம் காலாட்படை, பின்னாளில் 1881இல் வேல்ஸ் படைப்பிரிவோடு இணைக்கப்பட்டது என்பதால், அவருக்கு வேலூர் என்ற பெயர் சிறுவயது முதலே பழக்கமாம். தம்மை ஆங்கிலேயர் என்று அழைக்க வேண்டாம், வேல்ஸ்காரர் என்று அழையுங்கள் என்று முதல் மடலிலேயே கேட்டுக்கொண்டார். புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறி, தாடி, கடுக்கன் ஆகியவற்றுக்கு விதித்த தடையும் சிப்பாய்களை எவ்வளவு புண்படுத்தின என்று நான் எழுதினேன். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபின் சிப்பாய்களுக்கு நேர்ந்த கொடுமையையும் எழுதினேன். அவர் மறுக்கவில்லை. கோட்டைக்கு எதிரேயுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் அவருடைய படைப்பிரிவினரின் நினைவுக்கல் இருப்பதையும், மக்கான் சந்திப்பில் நம் சிப்பாய்களின் நினைவுத்தூண் இருப்பதையும் படமெடுத்து இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டையும் தம் தொகுப்பில் அடுத்தடுத்து வைத்துக்கொண்டார்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கண்டியிலிருந்து வந்த மடல். எழுதியவர் சிங்களவர், அஞ்சல்தலைகளில் அரச சின்னங்களைத் தொகுப்பவர். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு, அடுத்த ஆண்டு கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, 1832 ஜனவரி 30ஆம் நாள் இங்கேயே இறந்தான் என்பது அவருக்குத் தெரியும். சமாதி எப்படியிருக்கும் என்பது தெரியாது. பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபத்துக்குப் போய்ப் படமெடுத்து அனுப்பினேன். அவருடைய பெயருக்குப் பக்கத்தில் இருந்த இலங்கைக் கொடியின் வாளேந்திய சிங்கம் இந்த அரசனின் கொடியிலிருந்து எடுக்கப்பட்டது என்று அவர் எழுதியபோதுதான், அந்தச் சின்னப் படத்தை நான் முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். நாயக்கர் குலத்தில் இந்துவாகப் பிறந்து, பௌத்தத்தின் காவலனாக முடிசூடிய ஒருவன் அவருக்கு நாட்டின் இறுதி மன்னன். எனக்கு எங்கள் கோட்டைக் கைதிகளில் ஒருவன். இலங்கையின் அண்மைக்கால வரலாற்றைப் பற்றி நாங்கள் ஒத்த கருத்துடையவர்கள் அல்லர் என்பதை இருவரும் அறிவோம். அதைத் தாண்டிப் பேசுவதற்கு ஒரு கல்லறை எங்களுக்குக் கிடைத்தது.

ஆகவே என் கருத்து இதுதான். அறிமுகத்தில் ஊரைச் சொல்லுங்கள், சேகரிப்பில் எது உங்களைப் பிடித்திருக்கிறது என்பதை விவரமாகச் சொல்லுங்கள். நாடு தானாகவே வந்து சேரும். வரும்போது அது கையிலிருக்கும் பொருளின் வழியாக வரட்டும். மற்றவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

சிக்னல் சுபேதார் (கம்மவான்பேட்டை)

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை.

நான் படையிலிருந்து ஓய்வுபெற்றவன். இப்போது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளன், அதாவது சொந்த வானொலிக் கருவியில் பிற ஆர்வலர்களோடு பொழுதுபோக்காகப் பேசுபவன். எங்கள் பொழுதுபோக்கில் நாட்டைச் சொல்லலாமா வேண்டாமா என்ற கேள்வியே எழாது. உரிமத்தோடு தரப்படும் அழைப்புக் குறியின் முதல் எழுத்துகளே நாட்டைச் சொல்லிவிடுகின்றன: வி.யூ. (VU) என்று தொடங்கினால் இந்தியா, 4எஸ் என்றால் இலங்கை, ஏபி என்றால் பாகிஸ்தான். தொடர்பு ஏற்பட்ட முதல் நொடியிலேயே இரு தரப்பாருக்கும் மற்றவர் யாரென்று தெரிந்துவிடும். அதன்பின் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இந்தியாவின் 1978ஆம் ஆண்டு அமெச்சூர் விதிகள், சோதனை தொடர்பான தொழில்நுட்பச் செய்திகளையும், முக்கியமில்லாத சொந்தச் செய்திகளையும் மட்டுமே பரிமாற அனுமதிக்கின்றன. சிக்னல் எப்படி வருகிறது, என்ன ஆண்டெனா, எத்தனை வாட், அங்கே வானிலை என்ன என்பவற்றோடு உரையாடல் முடியும். இந்தக் கட்டுப்பாட்டைச் சிலர் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு அதுவே இந்தப் பொழுதுபோக்கு இத்தனை போர்களையும் கடந்து நிற்பதற்குக் காரணமாகத் தெரிகிறது. நாட்டை இரண்டெழுத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டு, அதைப் பற்றிய வாதத்தைக் கதவுக்கு வெளியே வைத்துவிடுகிறோம்.

ஊர் விஷயத்தில்தான் எனக்கு அச்சம். எங்கள் கிராமத்தில் படையில் பணியாற்றியவரோ பணியாற்றுபவரோ இல்லாத வீடு அரிது. அதற்காகவே எங்கள் ஊருக்குப் பெயர். அப்படிப்பட்ட ஊரின் பெயரை ஒரு பையன் தன் குறிப்பில் எழுதினால், அவனுடைய அப்பாவோ அண்ணனோ எங்கே பணியில் இருக்கிறார் என்று நான்காவது மடலில் இனிமையாகக் கேட்பதற்கு ஆள் வரும். அந்த ஆள் அஞ்சல்தலையைப் பற்றியும் நன்றாகவே பேசுவார், ஏனென்றால் பழக்கம் பிடிப்பதற்கு ஒத்த விருப்பத்தைவிட எளிய வழி வேறில்லை. படையினரை இணையத்தில் வசப்படுத்திச் செய்தி கறந்த வழக்குகளை நாளிதழில் படிக்கிறோம் அல்லவா? நாட்டைச் சொல்லுங்கள், ஊரைச் சொல்லாதீர்கள் என்பதே எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது.

காட்பாடி சந்திப்பு

சுபேதார் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் விளையாடும் இணைய விளையாட்டுக் குழுக்களில் நாட்டைச் சொன்னாலே கேலிதான் முதலில் வருகிறது. கொடியை எடுத்துவிட்ட பிறகு, என் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். இது ஒளிந்துகொள்வதாகுமா என்று எனக்கே தெளிவில்லை.

நவாப் காசு (ஆற்காடு)

கோட்டை அகழி ஐயா சொன்ன, பொருளின் வழியாக நாடு வரட்டும் என்ற கருத்துக்கு என் துறையிலிருந்து ஒரு சான்று தருகிறேன். அது அவர் நினைப்பதைவிடச் சிக்கலானது என்பதையும் சேர்த்தே காட்டும்.

நான் ஆற்காட்டு ரூபாய்களைப் படிப்பவன். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய இந்த வெள்ளிக்காசுகளில் பெரும்பகுதி எங்கள் ஊரில் அடிக்கப்பட்டதில்லை. நவாபிடமிருந்து 1736இல் உரிமை பெற்று, பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே உரிமையைப் பெற்ற ஆங்கிலக் கம்பெனி சென்னையில் அடித்தது. எழுத்து பாரசீகம். பெயர் முகலாயப் பேரரசனுடையது. பேரரசன் இரண்டாம் ஆலம்கீர் 1759இல் கொல்லப்பட்டுவிட்டான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரம் வைத்து அடித்தபோதுகூடச் சென்னைக் கம்பெனி அவன் பெயரையும், 1172 என்ற ஹிஜ்ரி ஆண்டையும் மாற்றாமலேயே அடித்துக்கொண்டிருந்தது. வணிகர்கள் பழகிய முகத்தைத்தான் நம்புவார்கள் என்பது கம்பெனியின் கணக்கு. புதுச்சேரிக் காசில் பிறையும், சென்னைக் காசில் தாமரையும் அடையாளமாக இருக்கும்.

இப்போது இந்தக் காசு எந்த நாட்டினுடையது? பிரெஞ்சு சேகரிப்பாளர் ஒருவர் புதுச்சேரிப் பிறைக்காசுகளைத் தம் நாட்டுக் குடியேற்றப் பட்டியலில் வைத்திருக்கிறார். இலண்டன்காரர் தாமரைக் காசைக் கம்பெனிப் பட்டியலில் வைக்கிறார். லக்னோவிலிருந்து எழுதும் நண்பர் முகலாயக் காசு என்கிறார். நான் எங்கள் ஊர்க் காசு என்கிறேன். நால்வரும் இதைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டேதான் நண்பர்களானோம். இன்னும் சண்டை ஓயவில்லை, ஓயவும் வேண்டாம். ஒரு பொருளை எங்கே வகைப்படுத்துவது என்பது முடிவில்லாத இனிய வாதம். அங்கே ஒவ்வொருவரும் தம் நாட்டை இழுத்து வரலாம், யாருக்கும் காயம் ஏற்படாது.

ஆனால் ஒரு கட்டத்தில் நாடு உண்மையாகவே குறுக்கே வந்து நிற்கும். அந்தப் பிரெஞ்சு நண்பர், தம்மிடம் இரண்டாக உள்ள ஒரு காசுக்கு மாற்றாக என்னிடமுள்ள ஒரு தாமரைக் காசைக் கேட்டார். நூறாண்டுக்கு மேற்பட்ட காசு நம் நாட்டில் தொல்பொருள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்படி தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தெளிவான படங்கள், எடை, விட்டம் ஆகியவற்றை அனுப்பிவைத்தேன். இளைஞர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: பழகிய நண்பர் அன்போடு கேட்கிறார் என்பதற்காகப் பழங்காசை உறைக்குள் வைத்து அஞ்சலில் சேர்ப்பது குற்றம். உண்மையான சேகரிப்பாளர் இதைச் சொன்னவுடன் புரிந்துகொள்வார். வற்புறுத்துகிறவர் சேகரிப்பாளர் அல்லர், வணிகர்.

பச்சை மை (வாணியம்பாடி)

ஊரைச் சொன்னால் பேச்சு பிறக்கும் என்று ஐயா எழுதியிருக்கிறார். எனக்கு ஊரைச் சொன்னால் சந்தேகம்தான் பிறந்தது.

எங்கள் வீட்டில் பேசுவது தக்னி உருது. தெருவிலும் கடையிலும் தமிழ். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்தில் இது புதுமையே அல்ல. உருதுக் கவியரங்கங்கள் எங்கள் ஊரில் தலைமுறைகளாக நடக்கின்றன. உருதுக்கு வழங்கும் எழுத்துப்பாணியான நஸ்தலீக்கில் நான் எழுத்தோவியம் பழகுகிறேன். இதற்கான பன்னாட்டுக் குழுவில் சேர்ந்து, தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன் என்று சொன்னபோது, தமிழ்நாட்டில் உருது ஏது என்று வட இந்தியர்களே முதலில் கேட்டார்கள். உருது எழுதுகிறவர் அவர்கள் மனத்தில் லக்னோவில் இருக்க வேண்டும், அல்லது ஹைதராபாத்தில், அல்லது எல்லைக்கு அப்பால். தமிழ் எழுத்துலகக் குழுவில் இதற்கு நேர்மாறான வியப்பு: உங்களுக்கு இவ்வளவு நன்றாகத் தமிழ் வருகிறதே என்று பாராட்டுவார்கள். பாராட்டை வாங்கிக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரிவதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு ஊரைச் சொல்வது அறிமுகத்தோடு முடிவதில்லை; அதற்குப் பின்னால் ஒரு சிற்றுரையும் ஆற்ற வேண்டியிருக்கிறது.

குழுவில் என் எழுத்தை முதலில் ஊன்றிப் பார்த்துத் திருத்தியவர் லாகூர்ப் பெண் ஒருவர். நஸ்தலீக்கில் லாகூர் முறை என்றும் தில்லி முறை என்றும் இரண்டு உண்டு. எழுத்தின் வட்டங்கள் அவற்றில் வேறுபடும். என் வட்டங்கள் இரண்டுக்கும் நடுவில் எங்கோ தொங்குகின்றன என்றார். அவர் சொன்னது உண்மை. நாணலைச் சீவும் கோணத்திலிருந்து மையில் பட்டுநூல் இடுவது வரை அவரிடமிருந்து கற்றேன். நாங்கள் நாடு என்ற பேச்சையே எடுத்ததில்லை, சுபேதார் ஐயாவின் விதிகளை யாரும் எங்களுக்கு விதிக்காமலேயே. 2025 மே மாதத்தில் எல்லையில் மோதல் நடந்த நாட்களில் இருவரும் எழுதவில்லை. அந்த மாதத் தொடக்கத்தில் பாகிஸ்தானிலிருந்து வரும் அஞ்சலையும் பொட்டலங்களையும் நம் அரசு நிறுத்திவிட்டதால், அவர் எனக்காக வாங்கி வைத்திருந்த நாணல் பேனாக்கள் அங்கேயே இருக்கின்றன. பிறகு ஒரு நாள் அவர் ஒரே ஓர் எழுத்தை எழுதிப் படமாக அனுப்பி, இதன் அடிவயிறு சரியா என்று கேட்டார். சரியில்லை என்று எழுதினேன். அதிலிருந்து மறுபடியும் எழுதிக்கொள்கிறோம்.

இதைக் கதையாகப் படித்து நெகிழ்ந்துவிட வேண்டாம். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் முழுமையாக நம்புகிறோமா என்று கேட்டால், எனக்கு விடை தெரியாது. எழுத்தைப் பற்றிய அவருடைய தீர்ப்பை நம்புகிறேன். அவ்வளவே இப்போதைக்குப் போதும்.

சிக்னல் சுபேதார் (கம்மவான்பேட்டை)

சகோதரி, உங்கள் மடலின் கடைசிப் பத்தியை எங்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். ஒருவரை எந்த அளவுக்கு நம்ப வேண்டுமோ அந்த அளவுக்கு நம்பினால், பழக்கம் ஆபத்தாகாது.

ஜவ்வாது வானம் (ஆலங்காயம்)

வானியல் ஆர்வலர்களுக்கு ஊரைச் சொல்லாமல் வழியில்லை, அதுவும் அட்சரேகை தீர்க்கரேகையோடு. இல்லாவிட்டால் நோக்கிய குறிப்புக்கே மதிப்பில்லை. எங்கள் மலையில் காவலூர் இருப்பதால் எனக்கு இது பெருமையும்கூட. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது, அதற்கு முன்பே 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்த நோக்கல்களில் காவலூரும் பங்கேற்றது. அந்த ஆய்வகத்துக்குப் பெயர் தந்த வானியலாளர் பாப்பு, 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது கண்ட வால்வெள்ளிக்கு அவர் பெயரோடு இரண்டு அமெரிக்கர்களின் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. அதைக் கூட்டுக் கண்டுபிடிப்பு என்று யாரும் கொடி பிடிப்பதில்லை. மூவரின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

நான் பழகுகிற நார்வேக்காரருக்கு நான் இந்தியன் என்பதைவிட, பன்னிரண்டரைப் பாகை வட அட்சத்தில் இருப்பவன் என்பதே பயன்படுகிறது. அவர் ஊர் வானத்தில் ஒருநாளும் எழாத அகத்தியர் என்ற விண்மீனையும் தென்சிலுவையையும் நான் வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறேன். எனக்கு ஆயுளில் கிட்டுமா என்று தெரியாத வடதுருவ ஒளியை அவர் சமையலறைச் சன்னலிலிருந்து பார்க்கிறார். பரிமாறிக்கொள்ள இருவரிடமும் ஏதோ இருக்கிறது.

கருப்புக் குதிரை

இந்த விவாதத்தை முதலிலிருந்து படித்து வந்தேன். நான் ஊரையும் எழுதுவதில்லை, நாட்டையும் எழுதுவதில்லை. அதற்குக் காரணம் பாதுகாப்பு அன்று.

நான் இந்த மாவட்டத்திலுள்ள இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் பிறந்தவன். 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். அதற்கு முன் அகதிகள் முகாம். சட்டப்படி, 1987 ஜூலை 1ஆம் நாள் முதல் இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை உண்டு. 2004 டிசம்பருக்குப் பின் அது இன்னும் இறுகியது. என் பெற்றோர் இருவரும் படகில் வந்தவர்கள். நான் படித்த பள்ளி வேலூரில், என் பேச்சு வேலூர்ப் பேச்சு, என் நண்பர்கள் இந்த ஊர்க்காரர்கள். இலங்கையை நான் பார்த்ததில்லை.

இணையத்தில் சதுரங்கம் ஆடுகிறேன். பெயருக்குப் பக்கத்தில் கொடி தேர்ந்தெடுக்கும் பட்டியல் வரும். இந்தியக் கொடியை வைத்தால் பொய் சொல்வதாகத் தோன்றும்; இலங்கைக் கொடியை வைத்தாலும் அப்படியே. வைக்காமல் விட்டால், ஏன் மறைக்கிறாய் என்று ஆட்டம் முடிந்தபின் அரட்டையில் கேட்பார்கள். ருசிய ஆட்டக்காரர்கள் 2022க்குப் பிறகு தங்கள் நாட்டுக் கொடியின்றி உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் கொடியின்கீழ் ஆடியதைப் பார்த்தபோது எனக்குள் ஒரு விசித்திரமான பொறாமை எழுந்தது: அவர்களுக்கு அது தண்டனை, எனக்கு அப்படியொரு கொடி கிடைத்தால் வசதியாக இருக்கும்.

கோட்டை அகழி ஐயாவின் கண்டி நண்பரைப் பற்றிப் படித்தேன். ஆண்ட நாட்டுக்குத் திரும்ப முடியாமல் இங்கேயே இறந்த அரசனுக்கு மண்டபம் இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, தோன்றியதை எழுதினேன்.

கோட்டை அகழி (வேலூர்)

தம்பி, நீங்கள் எழுதியதற்கு விடை என்று எதையும் நான் சொல்ல முயலவில்லை. கொடிப் பட்டியல் உங்களிடம் கேட்கிற கேள்வி, அரசுகள் தீர்க்காமல் வைத்திருக்கிற கேள்வி. அதற்கு ஆட்டக்காரர் விடை சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். ஏன் மறைக்கிறாய் என்று கேட்பவருக்கு, ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோம் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துவிடலாம். காட்பாடி நண்பரின் ஐயத்துக்கும் இதுவே என் மறுமொழி: கேட்டவர் எவரும் விடைபெற உரிமையுள்ளவர் ஆகிவிடமாட்டார். சொல்லாமல் இருப்பதும் பொய் சொல்வதும் வெவ்வேறு.

சுபேதார் ஐயாவுக்கு: ஊர் என்று நான் சொன்னது கதவு எண்ணை அன்று. நான் வயது முதிர்ந்த சேகரிப்பாளர்களுக்கு எழுதும்போது வட ஆற்காடு என்றே எழுதுகிறேன். 1989இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபின் அந்தப் பெயர் தனித்து நிற்கவில்லை. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தபின் வேலூர் மாவட்டமே சுருங்கிவிட்டது. ஆனால் பழைய உறைகளைச் சேர்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். திருவண்ணாமலை முதல் அரக்கோணம் வரை எங்கு வேண்டுமானாலும் நான் இருக்கலாம். என்னைத் தேடி யாரும் வர முடியாது, பேச்சுக்கு மட்டும் பிடி கிடைத்துவிடும். கம்மவான்பேட்டைப் பிள்ளைகள் பாலாற்றுப் பகுதி என்று எழுதட்டுமே.

பச்சை மை சகோதரி சொன்ன சிற்றுரைச் சுமையை நான் முன்பு எண்ணிப் பார்த்ததில்லை. தமிழ் பேசும் இந்து ஆண் ஒருவன் வேலூர் என்று எழுதினால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன்: தமிழ்நாட்டில் உருது ஏது என்று கேட்டவர்களில் ஒருவராவது, உங்கள் விடையைக் கேட்டபின் உண்மையான ஆர்வத்தோடு தொடர்ந்தாரா?

பச்சை மை (வாணியம்பாடி)

ஒருவர் தொடர்ந்தார். பெங்களூரில் எழுத்துரு வடிவமைப்பவர்; எங்கள் ஊர்ப் பழைய கவியரங்கச் சுவரொட்டிகளின் எழுத்துப் பாணியைத் தொகுத்து வருகிறார். மற்றவர்கள் வியந்ததோடு சரி.

காட்பாடி சந்திப்பு

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், பழக்கம் தொடர்பான ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். பொம்மை விமானங்கள் செய்யும் குழு ஒன்றில் என் விடுதி அறைத்தோழனோடு சில வாரங்கள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த வெளிநாட்டு நண்பர், அவனுக்குப் பரிசுப் பெட்டி அனுப்பியிருப்பதாகச் சொன்னார். இரண்டு நாளில் தில்லியிலிருந்து சுங்க அதிகாரி என்று ஒருவர் அழைத்து, பெட்டியில் வெளிநாட்டுப் பணம் இருக்கிறது, அபராதத்தை உடனே இந்தக் கணக்கில் செலுத்துங்கள், இல்லையேல் கைது என்றார். அவன் பதறிப்போய்ப் பணத்தைத் தேடிக்கொண்டிருந்தான். கணக்கு ஒரு தனிநபரின் பெயரில் இருந்ததைப் பார்த்து நாங்கள் தடுத்தோம்.

நவாப் காசு (ஆற்காடு)

நல்ல நேரத்தில் தடுத்தீர்கள். சுங்கத்துறை எவரிடமும் தனிநபர் கணக்கில் பணம் கேட்பதில்லை. 2019 நவம்பர் முதல் அத்துறையின் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்கும். அதை அவர்களுடைய இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். விரைவாகச் சொன்னால் பணத்தை நடுவிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. இந்த ஏமாற்றில் நட்புக்காக அவர்கள் செலவிடும் பொறுமையைப் பாருங்கள். பொம்மை விமானத்தின் இறக்கை அளவைப் பற்றி வாரக்கணக்கில் பேசியிருக்கிறான்!

கருப்புக் குதிரை

சுபேதார் ஐயாவிடம் ஒரு கேள்வி. அமெச்சூர் வானொலி உரிமத்துக்கு நான் விண்ணப்பிக்க முடியுமா? தேர்வுக்குப் படிக்க எனக்கு விருப்பம் இருக்கிறது.

சிக்னல் சுபேதார் (கம்மவான்பேட்டை)

நேராகச் சொல்லிவிடுகிறேன் தம்பி, இன்றைய நிலையில் முடியாது. உரிமம் இந்தியக் குடிமக்களுக்கு. வெளிநாட்டவருக்கென்றால், அவர்கள் நாடும் நம் நாடும் ஒருவருக்கொருவர் அனுமதிக்க ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நாட்டை இரண்டெழுத்தில் சொல்லிவிட்டால் போதும் என்று மேலே எழுதினேன். அந்த இரண்டெழுத்து கிடைக்காதவரும் இருப்பார் என்பதை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் கேட்பதற்கு உரிமம் தேவையில்லை. சிற்றலை கேட்பவர்கள் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு தனி வகையே உண்டு. ஒலிபரப்பைக் கேட்டு, நாள், நேரம், அலைவரிசை ஆகியவற்றைக் குறித்து, சிக்னலின் வலிமை, குறுக்கீடு, இரைச்சல், அலைமங்கல், மொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டு நிலையத்துக்கு அனுப்பினால், கேட்டதை உறுதிசெய்யும் அட்டை வரும். சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963இல் தொடங்கியது. அதற்கு நம் மாவட்டங்களில் நேயர் மன்றங்களே இருந்தன. அந்த மன்றங்களில் பழகிய பெரியவர்கள் சிலர் இன்றும் எனக்கு நண்பர்கள். நிலையங்கள் இப்போது குறைந்துவிட்டாலும், நிறையவே கேட்கக் கிடைக்கின்றன. அறிக்கைப் படிவத்தில் பெயரும், கேட்ட இடமும், வானொலிப் பெட்டியின் வகையும் எழுத வேண்டும். குடியுரிமை எது என்ற கட்டம் அதில் இல்லை.

என்னிடம் ஒரு பழைய ரிசீவர் சும்மா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குமேல் அலை நன்றாக வரும். வருவதானால் தனிமடலில் எழுதுங்கள், பேருந்து விவரம் சொல்கிறேன். சதுரங்கப் பலகையையும் எடுத்து வாருங்கள், என் பேரனுக்கு ஆள் கிடைக்காமல் என்னையே தோற்கடித்துக்கொண்டிருக்கிறான்.